கீறல் விழாத மெஷின்

“மாஸ்டரம்மா, இதை நான்தான் திறக்கணுமா?” என்று கேட்டார் எஸ்தாக்கி.

“மூடினவர் திறக்கட்டும்,” என்றார் ஜெசிந்தா.

மேசைமேல் கிடந்தது பச்சை நிற வேக்குவம் கிளீனர். அந்தக் காலத்து சிலிண்டர் மெஷின். படுக்கப்போட்ட இரும்பு உருளை. ஒரு முனையில் தூசியை இழுக்கும் வாய், மறுமுனையில் காற்றை ஊதும் வாய். சணல் சாக்கில் கட்டி வந்திருந்தது.

சாக்கின் வாய் அவிழும்போதே எஸ்தாக்கிக்குத் தெரிந்துவிட்டது. பெற்றவனுக்குப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவா வேண்டும், முதுகு போதாதா?

இந்த மெஷினைத் தொட்டுத்தான் பூவாயி என்கிற பங்களா வேலைக்காரப் பெண் செத்துப்போனது.

குன்னூர் கீழ்க்கடைத்தெருவில், வர்க்கி பிஸ்கட் சுடும் அடுப்புக்கு அடுத்த கதவு ஜெசிந்தாவின் கடை. வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன பங்களாக்கள் எல்லாம் இப்போது விடுதிகள். தங்க வருகிறவர்களுக்குப் பழசு பிடிக்கும். பழைய கட்டில், பழைய கடிகாரம், பழைய வேக்குவம் கிளீனர். பழசு ஓடவும் வேண்டும், பழசாகவும் இருக்க வேண்டும். அந்த வித்தை மலையில் ஜெசிந்தா ஒருவருக்குத்தான் கைவந்திருந்தது.

எஸ்தாக்கி தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். தொழிற்சாலை மூடியதும், தன் மகள் வயதுப் பெண்ணிடம் வந்து கைகட்டி நின்றார்.

“தலை நரைச்சப்புறம் ஆனா ஆவன்னாவாண்ணே?” என்று ஜெசிந்தா கேட்டார்.

“தலைதான் நரைச்சது மாஸ்டரம்மா. கை நரைக்கல.”

அன்றிலிருந்து ஜெசிந்தா இவருக்கு மாஸ்டரம்மா. இவர் அவருக்கு அண்ணே. வர்க்கி கடைக்காரர் மட்டும் சாயங்காலமானால் எட்டிப் பார்ப்பார். “என்ன எஸ்தாக்கி, ஸ்கூல் விட்டாச்சா? டீச்சர் அடிச்சாங்களா?”

இன்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. வாசல் பெஞ்சில் பூவாயியின் புருஷன் சடையப்பன் உட்கார்ந்திருந்தார்.

சாக்கை இறக்கி வைத்ததும் அவர் சொன்னது இதுதான்.

“பங்களாவுல எல்லாரும் ஒரே பேச்சா பேசுறாங்கம்மா. ஈரக்கையோட தொட்டுட்டாளாம். வயர்மேனும் அதான் சொன்னாரு. மேனேஜரும் அதான் சொன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டார் ஜெசிந்தா.

“நானும் அதான் சொன்னேன்.”

தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. சடையப்பன் குரலை உயர்த்திச் சொன்னார்.

“வராந்தாவுல கெடத்தியிருந்தாங்க. சுத்தி எல்லாரும் அழுதாங்க. நான் திட்டுனேன். கூறுகெட்டவளே, கையைத் தொடச்சிட்டுத் தொடு, தொடச்சிட்டுத் தொடுன்னு எத்தன வாட்டி அடிச்சுக்கிட்டேன், கேட்டியாடின்னு திட்டுனேன். தூக்குற வரைக்கும் திட்டுனேன். குழியில மண்ணு தள்ளும்போதும் வாய் நிக்கல. அழுகையே வரலம்மா எனக்கு. ஏச்சுதான் வந்துச்சு.”

“ம்.”

“மேனேஜரு இதக் காயலான் கடையில போடச் சொன்னாரு. நாந்தான் கேட்டு வாங்கியாந்தேன். வேற ஒண்ணும் வேணாம்மா எனக்கு. நான் திட்டுனது சரியா, தப்பா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டுப் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். குடிக்கக் கொடுத்த டீயும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

*

அந்தக் கடையில் ஒரு வழக்கம். எந்த மெஷின் வந்தாலும் எடுத்தவுடனே திருப்புளியை வைக்கக் கூடாது. மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த ஊர், எந்தக் காலம், யார் கை. யார் கை என்றால், கடைசியாகத் திறந்து மூடியது யார் என்று. மெக்கானிக்குக்கு மெக்கானிக் கைவாகு மாறும். ஸ்க்ரூவின் தலையைப் பார்த்தே அது முரட்டுக்கையா, பயந்த கையா என்று ஜெசிந்தா சொல்லிவிடுவார்.

“எந்த ஊர் அண்ணே?”

“உங்களுக்குத் தெரியாததா?”

“உங்க வாயால.”

எஸ்தாக்கி மெஷினைத் தொடாமல் குனிந்து பார்த்தார். “சக்கரம் இல்ல. அடியில ரெண்டு சறுக்குத் தண்டு. பெயரோட இருந்த தகடு போயிருச்சு. மூடிக்குக் கொக்கி வச்ச கிளிப்பு. இங்கிலாந்து.”

“எந்தக் காலம்?”

“ஊதுற வாய்லயும் ஹோஸ் மாட்டலாம். வயர் வர்ற ஓட்டை சின்னது, ரெண்டு பின் வயருக்குன்னு போட்டது. அப்ப எர்த் கிடையாது. எங்க அப்பாவுக்குக் கல்யாணம் ஆகாத காலம்.”

“யார் கை?”

எஸ்தாக்கி நிமிர்ந்தார்.

“மலையில இந்தப் பச்சை ரெண்டு மூணு இருக்கு மாஸ்டரம்மா.”

“இருக்கு.”

“நம்மகிட்டேயிருந்து போன பிறகு வேற யாராவது திறந்திருக்கலாம். பங்களா வயர்மேன் சும்மா இருக்கற ஆளா?”

“இருக்கலாம்.”

“மழைக்காலம். துணி பிழிஞ்ச கையோட ஓடி வந்து தொட்டிருந்தா, எந்த மெஷின்தான்...”

ஜெசிந்தா திருப்புளியை எடுத்து அவர் பக்கம் வைத்தார்.

எஸ்தாக்கி முதல் ஸ்க்ரூவில் முனையை வைத்தார். திருப்புவதற்கு முன்பே கை நின்றது. ஸ்க்ரூத் தலைகளின் பிளவுகள் எல்லாம் ஒரே திசை பார்த்து நின்றன. இன்னொரு மெக்கானிக்குக்கு அதற்குப் பொறுமை இருக்காது. கடைசி ஸ்க்ரூவை முடுக்கிய பிறகு பிளவுகளை வரிசைக்குக் கொண்டுவருவது தேயிலைத் தொழிற்சாலையில் அவருக்குப் படிந்த பழக்கம். அதைப் பார்த்து ஒருநாள் ஜெசிந்தா சிரித்திருந்தார். “என்னண்ணே, பரேடு நிக்குதா?”

“யார் கை?” என்றார் ஜெசிந்தா மறுபடியும்.

“என் கை.”

“திறங்க.”

திறந்தார். மோட்டார் சுருளில் ஓரிடம் கருகியிருந்தது. குளிரும் ஈரமும் பல வருஷம் ஊறி, சுருளின் மேலிருந்த வார்னிஷ் விட்டுப்போய், கரண்டு இரும்பு உடம்புக்கு இறங்கியிருக்கிறது. அப்படி இறங்கினால் அதை வாங்கிக்கொண்டு போகத்தான் எர்த் வயர்.

எர்த் வயர் இருந்தது. மஞ்சள் கோடு போட்ட பச்சை வயர். உடம்போடு போல்ட் போட்டு முடுக்கி, நுனி பிசிறில்லாமல், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

எஸ்தாக்கிக்கு மூச்சு வந்தது. “எர்த் குடுத்திருக்கேன் மாஸ்டரம்மா! பாருங்க, குடுத்திருக்கேன்!”

ஜெசிந்தா சுவரில் தொங்கிய மீட்டரை எடுத்தார். அதன் வயர் நுனியிலிருந்த இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டுக் காட்டினார். மீட்டர் கத்தியது. கரண்டு போக வழி இருந்தால் கத்தும். ஒரு முள்ளை பிளக்கின் எர்த் பின்னில் வைத்தார். இன்னொன்றை எஸ்தாக்கியின் கையில் கொடுத்தார்.

“மெஷின் உடம்புல வைங்க.”

கிளிப்புக்கு அடியில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளிச்சென்று தெரிந்த இடத்தில் எஸ்தாக்கி முள்ளை வைத்தார்.

மீட்டர் கத்தவில்லை.

அழுத்தி வைத்தார். இடம் மாற்றி வைத்தார். அது ஊமைபோல் இருந்தது.

“போல்ட்டைக் கழட்டுங்க,” என்றார் ஜெசிந்தா.

கழற்ற வேண்டிய தேவையே இல்லை. எஸ்தாக்கிக்கு நினைவு வந்துவிட்டது. அந்தப் பச்சையை அவர் எப்படித் துடைத்திருந்தார்! மெழுகு போட்டு, பழைய பனியன் துணியால் தேய்த்து, முகம் தெரிகிற வரைக்கும். எர்த் போல்ட் போட வேண்டிய இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பைக் காட்ட வேண்டும். சுரண்ட மனம் வரவில்லை. போல்ட்டின் தலை பெயிண்டைக் கடித்துவிடுமே என்று பழைய சைக்கிள் சீட்டிலிருந்து தோலை வட்டமாக வெட்டி, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து, வாஷராகப் போட்டார். வெளியே தலைக்கு ஒன்று. உள்ளே நட்டுக்கு ஒன்று. ஓட்டைக்குள்ளும் ஒரு சுற்று.

இரும்பை இரும்பு தொடவே இல்லை.

“சுரண்டல,” என்றார் எஸ்தாக்கி.

“ஏன்?”

அந்த ஒரு வார்த்தையில் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏனா? கீறல் விழுந்தா அது பழசு இல்ல, காயலான்னு சொன்னது யாரு? வந்த நாள்லேருந்து அதைத்தானே சொன்னீங்க? எர்த்தைப் பத்தி ஒருநாள் சொன்னீங்க. கீறலைப் பத்தி தினம் சொன்னீங்க! இதை முடிச்சு மேசைமேல வச்சேனே, ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தீங்களே, எதைப் பாத்தீங்க? ‘ஒரு கீறல் இல்லண்ணே, நீங்க தேறிட்டீங்க’ன்னு சொன்னீங்களே! மீட்டர் அப்பவும் சுவத்துலதானே தொங்குச்சு?”

சொல்லி முடித்தபிறகுதான் குரல் வாசல் வரைக்கும் போயிருக்குமோ என்று பயந்தார். வெளியே சடையப்பன் அசையவில்லை. மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது.

“ஆமா,” என்றார் ஜெசிந்தா.

எஸ்தாக்கி அதை எதிர்பார்க்கவில்லை. அடி வாங்கத் தயாராக நிற்கிறவன் அடி விழாவிட்டால் தடுமாறுவானே, அப்படித் தடுமாறினார்.

“நீங்களே போய்ச் சொல்லிடுங்க மாஸ்டரம்மா. உங்க பேச்சுன்னா அவர் நம்புவார்.”

“என்ன சொல்ல?”

“மோட்டார் ரொம்பப் பழசு. மலை ஈரத்துல சுருள் கெட்டுப்போச்சு. யார் தொட்டிருந்தாலும் இதான். இப்படிச் சொல்லலாமே. இதுல பொய் இல்லையே?”

“பொய் இல்ல.”

“அப்புறம் என்ன?”

ஜெசிந்தா போல்ட்டைக் கழற்றினார். தோல் வாஷரைச் சுண்டி எடுத்து எஸ்தாக்கியின் உள்ளங்கையில் வைத்தார். கையை அவரே மூடிவிட்டார்.

பிறகு மேசையை விட்டு விலகி, வாசலுக்குப் போகும் வழியை விட்டு நின்றார்.

எஸ்தாக்கி கையைத் திறந்து பார்த்தார். விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. அச்சில் வார்த்த மாதிரி வட்டம். இதை வெட்டிய அன்று அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டதுகூட நினைவு வந்தது.

வெளியே போனார்.

*

சடையப்பன் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“பாத்துட்டீங்களாண்ணே?”

“பாத்துட்டோம்.”

“ஈரக்கைதானா?”

“அது எனக்குத் தெரியாது,” என்றார் எஸ்தாக்கி. “ஈரமாவும் இருந்திருக்கலாம், காஞ்சும் இருந்திருக்கலாம். ஈரக்கையோட தொட்டாலும் சாகக் கூடாது. அதுக்குன்னு ஒரு வயர் இருக்கு. அதை இரும்புல படும்படி வைக்கணும். நான் படாம வச்சேன்.”

வாஷரைக் காட்டினார். சடையப்பன் அதை வாங்கவில்லை. குனிந்து, கண்ணைச் சுருக்கி, அந்தத் தோல் துண்டைப் பார்த்தார்.

“இதுவா?”

“இதுதான்.”

“இது எதுக்கு வச்சீங்க?”

எஸ்தாக்கி வாஷரைப் பார்த்துச் சொன்னார். “பெயிண்ட் கீறக் கூடாதுன்னு.”

வர்க்கி அடுப்பிலிருந்து வந்த புகை மழைக்கு மேலே ஏற முடியாமல் தெருவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

“அப்ப அவமேல தப்பு இல்ல,” என்றார் சடையப்பன்.

“இல்ல.”

“நான் திட்டுனேனே.”

எஸ்தாக்கி வாஷரை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

“மூணு பிள்ளைங்க முன்னாடி திட்டுனேனே. கூறுகெட்டவன்னேன். சொல்பேச்சு கேக்காத கழுதைன்னேன். செத்துத் தொலைஞ்சு என் உசிர எடுத்தியேன்னேன். அவ கண்ணு முழுசா மூடக்கூட இல்ல, பாத்துக்கிட்டே கெடந்தா. மூடாத கண்ணப் பாத்துத் திட்டுனேண்ணே.” துண்டு அவர் கையில் கயிறாக முறுகியது. “அத்தனையும் இப்ப எங்க போய் அள்ளுவேன்?”

எஸ்தாக்கி படியிலிருந்து தெருவில் இறங்கிக் கைகட்டி நின்றார். மழை அவர் நரைத்த தலையில் விழுந்தது.

“எனக்குச் சேர வேண்டிய ஏச்சு அது,” என்றார். “உங்க சம்சாரத்துக்குப் போயிருச்சு. திருப்பிச் சொல்லுங்க. ஒரு சொல் விடாம, என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

சடையப்பன் அவரைப் பார்த்தார்.

பின்னால் படியில் காலடி கேட்டது. ஜெசிந்தா இறங்கி வந்தார். மழையில், எஸ்தாக்கிக்குப் பக்கத்தில், அவர் நின்ற மாதிரியே கைகட்டி நின்றார்.

“எனக்கும் சேர்த்துச் சொல்லுங்க,” என்றார்.