சுவரெல்லாம் முதலாளிக்கு

தேர்தல் வந்ததும் ஊரில் பாதிச் சுவரை மில் முதலாளி பரமானந்தம் தன் வேட்பாளருக்காக வளைத்துப் போட்டார். மீதியைத் தொழிற்சங்கம் சந்தாப் பணத்தில் தன் ஆளுக்கு வளைத்தது. இரண்டு மாதமாகத் தண்ணீர் வராத கீழத்தெருவுக்கு, அதை எழுத ஒரு முழச் சுவரும் கிடைக்கவில்லை.

மில்லில் கூட்டிப் பெருக்கும் செண்பகவடிவு முதலாளியிடமே போய் நின்றாள்.

"ஒரு சுவத்துல ஒரு மூலை குடுங்கய்யா."

"காசு போட்டேன், பேசுறேன். அது என் பேச்சுரிமை. உன்கிட்ட காசு இருந்தா நீயும் பேசு. என் சுவத்துல ஒரு எழுத்து விழுந்துச்சு, உன் வேலை போயிரும்!"

"ஒரு எழுத்தும் விழாதுங்கய்யா" என்று அவள் கும்பிட்டு வந்தாள்.

மறுநாள் முதலாளி ஓட்டுக் கேட்டு மைக்கோடு ஊர்வலமாக வந்தார். 'வீட்டுக்கு வீடு தண்ணீர் தந்த வள்ளல்' என்று எழுதிய சுவர்களின் கீழெல்லாம் காலிக் குடங்கள் வரிசையாக நின்றன. ஜனங்கள் சுவரைப் படித்தார்கள், குடத்தைப் பார்த்தார்கள், சிரித்தார்கள்.

"யாருடி வச்சது? இன்னையோட உனக்கு வேலை இல்ல!"

குடங்களோரம் நின்ற செண்பகவடிவைப் பார்த்து முதலாளி கத்தினார்.

"நான் எதுவும் எழுதலைங்கய்யா. தண்ணி தந்ததா உங்க சுவருதான் சொல்லுது, பிடிக்க வந்தோம். தரலைன்னு மைக்குல ஒரு வார்த்தை சொல்லுங்க, குடத்தைத் தூக்கிட்டுப் போயிருதோம்."

மைக் அவர் கையில்தான் இருந்தது. அதை அணைத்துவிட்டு நடையைக் கட்டினார். அவள் வேலையைப் பற்றியும் அதன்பின் பேச்சில்லை. மதியத்துக்குள் தண்ணீர் லாரி வந்தது.

பெண்கள் நிரம்பாத மிச்சக் குடங்களோடு சங்கத்துச் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். சங்கத் தலைவர் யாரும் கேட்காமலே இன்னொரு லாரிக்குப் போன் போட்டார்.