காரை முந்தாதே

மூன்றே சந்துள்ள கோட்டைத்தீவில் தலைவர் மரியநாயகம் கார் இறக்கினார். "நடந்தோ சைக்கிளிலோ எவனும் என் காரை முந்தக் கூடாது. முந்தினால் சைக்கிள் பறிமுதல்!" என்று உத்தரவும் போட்டார்.

மறுநாளே கார் பழைய கோட்டைவாசலில் மூக்கை நுழைத்துச் சிக்கிக்கொண்டது. உத்தரவுக்குப் பயந்து ஊரே பின்னால் நின்றதால் பின்வாங்கவும் வழியில்லை. அக்கரைக்குப் போகும் ஒரே படகு கிளம்ப ஐந்தே நிமிடம்.

"கலெக்டர் காத்திருக்கார்! என்னைப் படகுல சேர்க்கலேன்னா உன் கடை இருக்காது!" என்று பின்னால் சைக்கிளோடு நின்ற பஞ்சர் கடை ஜெசிந்தாவிடம் கத்தினார்.

"பக்கத்துச் சின்ன வாசல்ல சைக்கிள் நுழையும். பின்னால உக்காருங்க ஐயா. ஆனா உங்க காரை முந்தணுமே?"

"உத்தரவு ரத்து! மிதி, மிதி!"

"அப்ப பதறாதீங்க. படகு ஓட்டுறவரும் உங்க காருக்குப் பின்னாலதான் நிக்கிறார்."