பக்கவாட்டில் வந்த குமிழி

"மாஸ்டர், நாளையிலிருந்து நான் வேலைக்கு வரலை."

மருதாசலம் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

மெகருன்னிசா நிமிரவில்லை. மேட்டுப்பாளையத்தில், மலை ஏறும் சாலையோரம் அவளுடைய சைக்கிள் பட்டறை. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இருபது வருடம் லாரிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஐம்பத்து மூன்றாவது வயதில் அவளிடம் தொழில் பழக வந்தவர் மருதாசலம். முதல் நாளே மாஸ்டர் என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணே என்பாள்.

"ஏண்ணே?"

"முட்டி வலிக்குது."

அவள் எழுந்துபோய் மூலையில் கிடந்த ஒரு சக்கரத்தை எடுத்து வந்தாள்.

 அது, விபத்துக்குப் பிறகு பட்டறைக்கு வந்திருந்த சுகந்தி டீச்சரின் சைக்கிள் சக்கரம். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பத்து நாளுக்கு முன்னால் கோத்தகிரி இறக்கத்தில், ஒரு வளைவில் விழுந்து, தோள் எலும்பு முறிந்து கிடக்கிறாள். அன்று காலைதான் இவர் அந்த டயருக்குப் பஞ்சர் பார்த்துக் கொடுத்திருந்தார்.

"காத்தடிங்க," என்றாள் மெகருன்னிசா.

அடித்தார். அவள் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினாள்.

"நீங்க அடைச்ச இடம் எது?"

ட்யூப் இல்லாத டயர் அது. ஆணி குத்திய ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகி அடைத்திருந்தார். அந்த இடத்தைக் காட்டினார்.

"அதுல காத்து வருதா?"

"இல்ல மாஸ்டர். நல்லா பிடிச்சிருக்கு."

"வேற எங்க வருது?"

டயரின் பக்கவாட்டில், ஒரு கீறலிலிருந்து குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே வந்துகொண்டிருந்தன.

"அன்னைக்கும் வந்துச்சா?"

மருதாசலம் கீறலின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"வந்துச்சு," என்றார். "இவ்வளவு இல்ல. ஒண்ணே ஒண்ணு. பாத்தேன்."

"பாத்துட்டு?"

"பத்து நிமிஷத்துல முடிச்சுத் தரேன்னு அந்தம்மாகிட்ட பெருமையாச் சொல்லிட்டேன். சின்ன ஓட்டைக்குன்னு டயருக்குள்ள ஊத்தியிருக்கிற திரவம் தானா அடைச்சுக்கும்னு விட்டுட்டேன்."

"பக்கவாட்டுல கிழிஞ்சா அடைக்காது. டயரையே மாத்தணும்."

"தெரியும் மாஸ்டர்."

அந்த வார்த்தையைச் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் எரிந்தது. தெரியாது என்று சொல்ல வழியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

"வேலையை விட்டுடறேன். எனக்கு அதுதான் தண்டனை."

"அதனால அந்த டீச்சருக்கு என்ன?"

அவர் சக்கரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்தார்.

"போய் மன்னிப்புக் கேக்கறேன்."

"கேக்காதீங்க. அது உங்க மனசு ஆறத்தான்."

"அப்புறம் எதுக்குப் போக?"

"பாத்ததைச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

மெகருன்னிசா அடுத்த சைக்கிளைத் தாங்கியில் ஏற்றினாள்.

அன்று மாலை சுகந்தி டீச்சர் வீட்டுப் படியில் மருதாசலம் இரண்டு தடவை ஏறி இறங்கினார். மூன்றாவது தடவை அவளே கதவைத் திறந்துவிட்டாள். வலது கை, கழுத்தோடு சேர்த்துக் கட்டிய துணியில் தொங்கியது.

"அடடே, நீங்களா! உள்ள வாங்க. பட்டறையிலிருந்து என்னைப் பாக்க வரணும்னு தோணிச்சே உங்களுக்கு."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அதற்குள் அவளே பேச ஆரம்பித்தாள்.

"சைக்கிளை வித்துடலாம்னு இருக்கேன். பள்ளிப் பிள்ளைங்களைச் சைக்கிள்ல மலைக்குக் கூட்டிட்டுப் போறதையும் நிறுத்திட்டேன். ஹெட்மாஸ்டருக்கு எழுதிக் கொடுத்தாச்சு."

"ஏம்மா?"

"வளைவுல முன் பிரேக்கை இறுக்கிட்டேன் போல. சின்னப் பிள்ளைகூட அப்படிச் செய்யாது. வருஷக்கணக்கா அதைச் சொல்லிக்கொடுத்தவ நான். இந்தக் கையை நம்பி இனி யார் பிள்ளையை அனுப்புவாங்க?"

மருதாசலம் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியவில்லை.

"டயர்ல இன்னொரு ஓட்டை இருந்துச்சும்மா. பக்கவாட்டுல. நான் பாத்தேன். பாத்துட்டே உங்களை அனுப்பினேன். இறக்கத்துல அதுதான் கிழிஞ்சு காத்து போயிருக்கு. நீங்க விழுந்தது அதனாலதான்."

அவள் ஏசட்டும் என்று தலை குனிந்து நின்றார். அறைந்தாலும் சரி என்றிருந்தது.



மெல்ல நிமிர்ந்து பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவே இல்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை மடக்கி, விரித்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் பிரேக்கைத் தப்பாப் பிடிக்கலையா?"

"இல்லம்மா."

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.