தங்கப்பழம் பெய்ஜிங் பார்த்த கதை

கொம்பங்குளத்தில் புத்திசாலிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்து அவர்கள் யாரும் ஊரில் இல்லை. இருந்திருந்தால் அந்த நாலு பேரையும் சீனாவுக்குப் போக விட்டிருக்க மாட்டார்கள்.

நாலு பேரில் மூத்தவர் ரைஸ்மில் ஆவுடையப்பன். அவர் எதைச் சொன்னாலும் கோமதிநாயகம் உடனே தலையாட்டுவார். பரமகுரு கொஞ்சம் யோசித்துவிட்டு ஆட்டுவார். நாலாவது ஆள் தங்கப்பழம். நம்முடைய கதை இவருடையதுதான்.

பாவம், சந்தோஷமாகவா விமானம் ஏறினார்? கிளம்பும்போது மனைவி பேச்சியம்மாள் வாசலை மறித்து நின்று சொன்ன சொல் அப்படி.

"போன வாட்டி டெல்லிக்குப் போயிட்டு வந்து, கோட்டைக்குள்ள யானை படுத்துக் கிடக்கு, மாடியில கடல் இருக்குன்னு அளந்தீய. நானும் நம்பி நாலு பேருகிட்ட சொல்லி மானம் போச்சு. விசாரிச்சா, நீங்க எங்கயும் உள்ளயே போகலியாம். வெளிய உக்காந்து மத்தவங்க செருப்பைக் காத்தீயளாம். இந்த வாட்டி உங்க ரெண்டு கண்ணால பாத்த ஒண்ணே ஒண்ணையாவது வந்து சொல்லணும். இல்லேன்னா இந்த வாசப்படி ஏறப்படாது, ஆமா."

பேச்சியம்மாள் சொன்னால் சொன்னதுதான். அது தங்கப்பழத்துக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது.

பெய்ஜிங்கில் இவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்ட வந்தவள் ஒரு சீனப் பெண். தமிழ் படித்தவள். யாழினி என்று தமிழ்ப் பெயரும் வைத்துக்கொண்டிருந்தாள். பாடப்புத்தகத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி பேசினாள். இவ்வளவு சுத்தமான தமிழில் ஒருத்தர் சொன்னால் அதில் ஓர் எழுத்துப் பிசகாமல் நடந்துகொள்ள வேண்டும் என்று நாலு பேரும் விமான நிலையத்திலேயே முடிவு கட்டிவிட்டார்கள்.

முதல் நாள் பெருஞ்சுவர்.

"படிகள் செங்குத்தானவை. பாதத்தைப் பார்த்துப் பார்த்து எடுத்து வையுங்கள்" என்றாள் யாழினி.

நாலு பேரும் ஓரமாக நின்று கூட்டம் போட்டார்கள்.

"பாதத்தைப் பாக்கச் சொல்லுது. செருப்புப் போட்டிருந்தா பாதம் எங்க தெரியும்?" என்றார் ஆவுடையப்பன்.

"தெரியாது அண்ணாச்சி" என்றார் கோமதிநாயகம்.

பரமகுரு தன் காலைக் குனிந்து பார்த்தார். "விரல் தெரியுது. ஆனா விரலைப் பாதம்னு ஒத்துக்கிட முடியாது."

நாலு ஜோடிச் செருப்பும் கழன்றன. காவலுக்கு யார் என்று அடுத்த கேள்வி.

"நம்ம தங்கப்பழம் இருக்கையில என்ன கவலை? டெல்லியில நாலு நாள் காத்தாரு. ஒரு வார் அறுந்துச்சா? அனுபவம்னா சும்மாவா வே?" என்றார் ஆவுடையப்பன்.

புகழ்ச்சியில் தங்கப்பழத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. குளிர் விட்டு நிமிர்ந்து பார்த்தபோது மூன்று பேரும் தலையைக் குனிந்தபடி படியேறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதே மாதிரி குனிந்தபடி இறங்கி வந்தார்கள்.

"சுவர் எப்படி அண்ணாச்சி?"

"எனக்கு இடது கட்டைவிரல்ல நகம் ரொம்ப வளர்ந்திருக்கு வே. இன்னைக்குத்தான் பாத்தேன்" என்றார் ஆவுடையப்பன்.

மறுநாள் சொர்க்கக் கோயில். கோயில் என்று காதில் விழுந்ததும் செருப்பெல்லாம் தானாகக் கழன்றுவிட்டன. மூன்றாம் நாள் ஏரி. படகில் பாரம் குறைவாக இருந்தால் நல்லது என்று யாழினி சொல்லிவிட்டாள். உடனே செருப்பை இறக்கிவிட்டார்கள், கூடவே தங்கப்பழத்தையும்.

ஆக, மூன்று நாளில் தங்கப்பழம் கண்ணாரக் கண்டது நாலு ஜோடிச் செருப்பு. அதைக் கொம்பங்குளத்தில் இருந்தபடியே பார்த்திருக்கலாம்.

நாலாம் நாள் அரண்மனை. அதோடு சரி, மறுநாள் காலையில் விமானம்.

"இது மன்னர்கள் வாழ்ந்த இல்லம். உங்கள் சொந்த இல்லத்துக்குள் நுழைவதாகவே எண்ணி நுழையுங்கள்" என்றாள் யாழினி.

சொந்த வீட்டுக்குள் யார் செருப்போடு போவார்கள்? தெற்கு வாசலில் நாலு ஜோடியும் வரிசையாக அமர்ந்தன. தங்கப்பழத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணாச்சி, இன்னைக்கும் உள்ள போகலேன்னா பேச்சி என்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டா."

"நாங்க ஒரு சுத்து சுத்திட்டு வந்து ஒம்ம மாத்தி விடுதோம். இரும்!"

அவர்கள் சுற்றினார்கள். ஆனால் அந்த அரண்மனையில் தெற்கே நுழைந்தால் வடக்கே வெளியேறவேண்டும். வந்த வழியே திரும்ப விடமாட்டார்கள். மூன்று பேரும் வெறுங்காலோடு வடக்கு வாசலில் நின்று தங்கப்பழத்துக்குப் போன் போட்டார்கள்.

"நீரு செருப்பை எடுத்துக்கிட்டு உள்ள வாரும்."

"நம்ம வீட்டுக்குள்ள செருப்பைக் கையில தூக்கிக்கிட்டா அலைவோம் அண்ணாச்சி?"

"மாட்டோம்" என்றார் கோமதிநாயகம்.

பரமகுரு யோசித்தார். "ஒரு கையில ஒத்தச் செருப்பு இருந்தா குத்தமில்ல. ஒத்தைக்குச் செருப்புன்னு மரியாதை கிடையாது."

"அப்படிப் பாத்தா எட்டுக் கை வேணும்லா" என்றார் தங்கப்பழம் போனில். எல்லோரும் அவரவர் கையை எண்ணிப் பார்த்தார்கள். இருக்கிற கையெல்லாம் சேர்ந்து எட்டுதான், ஆனால் ஆறு கை வடக்கே மாட்டிக்கொண்டுவிட்டது.

டாக்சி அனுப்பித் தங்கப்பழத்தையும் செருப்பையும் ஏற்றி வரலாம் என்றாள் யாழினி. அதைக் கேட்டதும் தங்கப்பழம் போனிலேயே விசும்பிவிட்டார். ஆவுடையப்பனுக்கு மனசு கேட்கவில்லை. முட்டாளே தவிர, கெட்டவர் இல்லை. அகழியை ஒட்டி வெறுங்காலோடு அரண்மனையைச் சுற்றி நடந்து, தெற்கு வாசலை அடைக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"போம் வே. நான் காவல் இருக்கேன்."

தங்கப்பழத்துக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது. காலின் நிலைமையைப் பார்த்து, தொட்டால் வலிக்குமே என்று விட்டுவிட்டார்.

உள்ளே காலை வைத்ததும் போன் அடித்தது. யாழினி.

"கூட்டம் மிகுதி. உங்களுக்கு முன்னே செல்பவர் மீது வைத்த கண்ணை எடுக்காமல் வாருங்கள். நேரே எங்களிடம் வந்து சேர்ந்துவிடுவீர்கள்."

தங்கப்பழத்துக்கு முன்னே சென்றவர் நீலச் சட்டை போட்ட ஒரு வழுக்கைத் தலைக்காரர். தங்கப்பழம் அந்தத் தலையின் மேல் கண்ணை வைத்தார், வைத்ததுதான்.

வலப்பக்கம் ஜனங்கள் "ஆ!" என்றார்கள். இடப்பக்கம் "ஓ!" என்றார்கள். ஏதோ தங்க நிறத்தில் ஓரக்கண்ணில் மின்னியது. பார்க்க ஆசை பொங்கியது, கண்ணில் தண்ணீர் கட்டியது. ஆனால் சுத்தமான தமிழில் சொல்லியிருக்கிறாளே! வழுக்கைத் தலைக்காரர் நின்றால் இவரும் நின்றார். அவர் ஐஸ்கிரீம் வாங்கித் தின்று முடிக்கும்வரை முதுகுக்குப் பின்னால் காத்திருந்தார். அவர் கழிப்பறைக்குப் போனார். இவரும் போனார்.

யாரோ பின்தொடர்வது மனுஷருக்குத் தட்டுப்பட்டிருக்கவேண்டும். சட்டென்று திரும்பினார். முகத்தைப் பார்த்துவிட்டால் அவர் முன்னே செல்பவர் ஆகமாட்டார், எதிரே வருபவர் ஆகிவிடுவார் என்று தங்கப்பழத்துக்குப் பகீரென்றது. ஒரே தாவலாக அவர் முதுகுப்பக்கம் போனார். அவர் மறுபடி திரும்பினார், இவர் மறுபடி தாவினார். சிம்மாசன மண்டபத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஏழெட்டுச் சுற்று சுற்றினார்கள். ஜனங்கள் சிம்மாசனத்தை விட்டுவிட்டு இதைப் படம் எடுத்தார்கள்.

வழுக்கைத் தலைக்காரர் பயந்துபோய் ஓட ஆரம்பித்தார். இவரும் விடாமல் ஓடினார். அரை நாள் சுற்றவேண்டிய அரண்மனை இருபது நிமிஷத்தில் முடிந்தது. வடக்கு வாசலில் கோமதிநாயகம் பிடித்து நிறுத்தியதால் தங்கப்பழம் நின்றார். அந்த மனுஷர் நிற்கவில்லை.

ஊர் வந்து சேர்ந்ததும் பேச்சியம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"என்னத்தப் பாத்தீய?"

தங்கப்பழம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "உச்சியில மிளகு அளவுக்கு ஒரு மச்சம். காதுக்கு மேல நரை, கீழ கருப்பு. பிடரியில மூணு மடிப்பு. நடக்கையில நடு மடிப்பு மட்டும் வேர்க்கும். ஓடுகையில ரெண்டு காதும் செவந்து போகும், ஆனா இடது காது முதல்ல."

பேச்சியம்மாள் குறுக்கும் நெடுக்குமாகக் கேட்டுப் பார்த்தாள். ஒரு மடிப்புக்கூட மாறவில்லை.

"மூஞ்சி எப்படி?"

"பாக்காததை நான் எப்படிச் சொல்ல முடியும்?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டின நாளிலிருந்து இவர் இப்படி ஒரு உண்மை பேசியதில்லை. நகர்ந்து வழிவிட்டாள்.

செய்தி பரவி, தெருவே வந்து உட்கார்ந்து கேட்டது. பின்பக்கமே இவ்வளவு என்றால் முன்பக்கத்தைப் பார்க்காமல் விடுவதா என்று நாற்பது பேர் பெய்ஜிங் போகப் பெயர் கொடுத்தார்கள். பேச்சியம்மாள் பெயர்தான் முதலில். ஆவுடையப்பன் வீட்டில் கூட்டம் கூடியது.

"தெக்கே நுழைஞ்சா திரும்பவும் முதுகுதான் தெரியும்" என்றார் ஆவுடையப்பன்.

"முதுகேதான்" என்றார் கோமதிநாயகம்.

பரமகுரு வெகுநேரம் யோசித்தார். "நாப்பது பேரு அங்க போறதுக்கு, அவரு ஒருத்தரு இங்க வாறது லேசு. எப்படியும் ஓடிக்கிட்டுத்தான இருக்காரு?"

உடனே யாழினிக்குச் சுத்தமான தமிழில் கடிதம் போட்டார்கள். அந்த ஐயா இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்த வேண்டாம், கொம்பங்குளத்துப் பக்கமாகத் திருப்பி மட்டும் விடுங்கள் என்று. கடிதம் போன நாளிலிருந்து பேச்சியம்மாள் வடக்கு ரோட்டில் ஒரு செம்புத் தண்ணீரோடு நிற்கிறாள், ஓடி வருகிறவருக்குத் தாகமாக இருக்குமே என்று.