வெயிலை உருட்டி வந்தவர்கள்

குழந்தைகளே, மலை உச்சியில் ஒரு காட்டில் பல் கிட்டும் குளிர். அங்கே தீ இருந்தது ஒரே ஒரு குகையில்தான். அது செந்நாயின் குகை. எப்போதோ இடி விழுந்து எரிந்த மரத்திலிருந்து ஒரு கொள்ளியைக் கவ்வி வந்து, அணையாமல் காத்து வந்தது அது. அதற்கு இருந்த தலைக்கனத்தைக் கேட்கவே வேண்டாம்!

"மரம் கொண்டு வந்தால்தான் என் தீயில் குளிர்காயலாம்" என்பது செந்நாயின் சட்டம். யானையும் மரங்களைச் சாய்த்துக் கொடுத்தபடியே இருந்தது. காடு மொட்டையானது. மழை குறைந்து ஊற்று சுருங்கியது. புகையில் எல்லா விலங்குகளும் இருமின.

ஒருநாள் காலை செந்நாய், "இன்று ஊற்றங்கரை மரத்தைச் சாய்த்து வா" என்றது.

யானை திடுக்கிட்டது. அந்த மரப்பொந்தில்தான் தாய் இருவாச்சிப் பறவை வாசலை அடைத்துக்கொண்டு குஞ்சுகளோடு இருந்தது. சிறு துளை வழியாகத் தந்தைப் பறவை பழம் ஊட்டும். குஞ்சுகள் வளரும்வரை அவை வெளியே வர முடியாது.

"மாட்டேன்! அந்த மரத்தில் என் துதிக்கை படாது" என்றது யானை.

"அப்படியானால் மாலையில் தீயை அணைத்துவிடுவேன். விறைத்துச் சாவீர்கள்!"

விலங்குகள் கலங்கிப்போய்க் கூடின.

முள்ளம்பன்றி தயங்கித் தயங்கிச் சொன்னது: "வெயிலில் சுட்ட கல்லை ஒருமுறை என் வளைக்குள் உருட்டிப் போட்டேன். கதகதப்பாக இருந்தது. ஆனால் சீக்கிரம் ஆறிவிட்டது."

"நானும் அப்படிச் செய்து ஏமாந்தேன். வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை" என்றது முயல்.

"அட, நானும்தான்!" என்றது குரங்கு.

முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. "ஆளுக்கொரு கல்லைத் தனித்தனியே ஒளித்து வைத்தால் ஆறத்தானே செய்யும்? எல்லாக் கற்களையும் ஒரே குகையில் குவிப்போம்!"

பகலெல்லாம் கற்கள் வெயிலில் காய்ந்தன. பொழுது சாயும் நேரத்தில் யானை பெரிய கற்களை உருட்டியது. மற்றவை சிறு கற்களைத் தள்ளின. குரங்குகள் குகை வாசலை அடைக்கக் காய்ந்த புல்லைக் கட்டு கட்டாகக் கொண்டு வந்தன.

செந்நாய் வந்து விழுந்து விழுந்து சிரித்தது. "கல்லைக் கட்டிக்கொண்டா தூங்கப் போகிறீர்கள்? இதோ, தீயை அணைக்கப் போகிறேன்!"

"அணைத்துக்கொள்! இனி உன் புகைக்கு ஒரு குச்சிகூடக் கிடையாது" என்று எல்லாம் ஒரே குரலில் கத்தின.

செந்நாய் ஆத்திரத்தில் மண்ணை வாரி இறைத்துத் தீயை அணைத்தது. அழுதுகொண்டு வரட்டும் என்று காத்திருந்தது. ஒருவரும் வரவில்லை.

குவித்த கற்கள் இரவெல்லாம் ஆறவில்லை; விடிந்ததும் விலங்குகள் சோம்பல் முறித்தபடி குகையிலிருந்து வெளியே வந்தன. தந்தை இருவாச்சி பழத்தோடு ஊற்றங்கரை மரத்துக்குப் பறந்தது. செந்நாயோ பல் தந்தியடிக்க எதிரே நின்றது. அணைத்த தீயை மறுபடி மூட்ட அதற்குத் தெரியவில்லை.

"எனக்கும் கொஞ்சம் இடம் கிடைக்குமா?" என்று கேட்டது.

"தாராளமாக வா. ஆனால் வரும்போது நீயும் ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வர வேண்டும்" என்றது முள்ளம்பன்றி.

நீதி: ஒருவர் பிடியில் இருக்கும் தீக்கு அஞ்சிக் காட்டை இழக்காதே; எல்லோருக்கும் பொதுவான வெயிலை எல்லோருமாகக் கூடிச் சேர்த்து வை.