குளியல் முற்றத்துப் பாசி

வெள்ளாற்றூரை ஆண்ட மங்கைபாக ராஜா ரொம்பச் சுத்தம் பார்ப்பவர். பிடிபட்ட திருடன்கூடக் குளித்துவிட்டுத்தான் அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். அதற்கென்றே காவல் கொட்டடிக்குப் பின்னால் ஒரு முற்றமும் பெரிய பெரிய அண்டாக்களில் தண்ணீரும் இருந்தன. அந்த முற்றத்தில் ஓர் அதிசயம் நடந்துவந்தது. குளிக்கப் போகிறவன் இரண்டு கையும் வீசிக்கொண்டு போவான். திரும்பி வரும்போது ஒரு கை துணிக்கட்டில் தொங்கும்.

ராஜா காரணம் கேட்பார். காவல் தலைவன் இடும்பராயன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "வழுக்கி விழுந்துவிட்டான் மகாராஜா. முற்றத்தில் பாசி அதிகம்" என்பான். ராஜாவும் த்சொ என்று வருத்தப்பட்டுவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விடுவார். தங்கமான மனசு. யோசிக்கிற பழக்கம்தான் கொஞ்சம் கம்மி.

ஒருநாள் மல்லர் சாத்தையா சபைக்கு வந்தார். திமிறுகிறவனை அடிக்காமல், எலும்பு நோகாமல் அடக்குவதற்கு மல்யுத்தத்தில் பிடிகள் இருக்கின்றன, காவலர்களுக்குக் கற்றுத்தருகிறேன் என்றார். இடும்பராயன் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை நழுவியது. திருடனைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சச் சொல்கிறீரா, அப்படியே தாலாட்டும் கற்றுத்தருவீரா என்று கேட்டான். சபையே சிரித்தது. ராஜாவும் சிரித்தார். எல்லாரையும் சிரிக்கவைத்தே சம்பளம் வாங்கும் திருமேனி மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாரமே கோயில் வெள்ளி விளக்கு காணாமல் போயிற்று. கடைசியாக அதன் பக்கத்தில் நின்றவர் தவில்காரர் ஐயாறப்பன் என்று யாரோ சொல்ல, காவலர்கள் தேடிப் போனார்கள். அவர் பயந்துபோய்க் கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டார். கோயிலுக்குள் நுழைந்து யாரையும் பிடிக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அதனால் வாசலிலேயே கம்புகளோடு காத்திருந்தார்கள். அவருடைய மனைவி மங்களம் திருமேனியின் வீட்டுக்கு ஓடினாள்.

"அவரு எடுக்கலைங்க. விசாரிக்கட்டும், உள்ளகூட வைக்கட்டும். அந்த முத்தத்துல மட்டும் குளிக்க வச்சிராதீங்க. கை போனா தவிலும் போச்சு, எங்க சோறும் போச்சு."

திருமேனி உடனே எழுந்தார். மேல்துண்டைக்கூட எடுக்காமல் அரண்மனைக்கு நடந்தார்.

சபையில் இடும்பராயனும் இருந்தான். திருமேனி அவனிடம் ரொம்ப அக்கறையாக விசாரித்தார்.

"தலைவரே, நீங்களும் அந்த முற்றத்தில்தானே குளிக்கிறீர்கள்?"

"தினமும்."

"ஒருமுறையாவது விழுந்தீர்களா? உங்கள் ஆட்கள் யாராவது?"

"நாங்கள் ஏன் விழப்போகிறோம்?" என்று நெஞ்சை நிமிர்த்தினான் இடும்பராயன்.

திருமேனி ராஜாவைப் பார்த்துக் கைகூப்பினார். "மகாராஜா, நம் ஊர்ப் பாசிக்கு மரியாதை தெரிகிறது. காவலர் கால் பட்டால் வழுக்குவதே இல்லை. அதனால் ஒரு யோசனை. இனிமேல் பிடிபடுகிறவன் இடுப்பையும் பிடித்த காவலர் இடுப்பையும் ஒரே கயிற்றில் கட்டிவிடலாம். பாசி ஏமாந்துபோய் இருவரையும் விட்டுவிடும். அப்படியும் வழுக்கினால் இருவரும் சேர்ந்துதான் விழுவார்கள், இருவருக்கும் அடிபடும். கைதிக்கு மட்டும் கை முறிந்திருந்தால் அது பாசியின் வேலை இல்லை."

"வேறு யார் வேலை?" என்றார் ராஜா.

"அதைக் கயிற்றின் மறுமுனையில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம் மகாராஜா."

ராஜா முதல்முறையாக யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் சிவந்தது. அப்படி ஒருவனுக்குக் கை முறிந்தால், கட்டியிருந்த காவலருக்கும் அதே கை முறிக்கப்படும் என்று ஆணையிட்டார். தவில்காரரைக் கட்டி அழைத்துவர இடும்பராயனே போக வேண்டும் என்றும் சொன்னார். தன் வாயால் தானே கெட்டவன் என்ன செய்வான், போனான்.

மங்களம் ஓடிப்போய் ராஜாவின் ஆணையைச் சொல்ல, அதை நம்பி ஐயாறப்பன் கோயில் வாசலுக்கு வந்தார். கயிற்றைக் கட்டினார்கள். சுற்றிலும் கம்புகளைக் கண்டதும் அவர் மிரண்டு திமிறினார். பழக்கதோஷம், இடும்பராயனின் கம்பு தானாக மேலே போயிற்று. அப்போதுதான் கயிறு இடுப்பை இழுத்தது. தன் மணிக்கட்டை ஒருதரம் பார்த்துக்கொண்டான். கூட்டத்தில் நின்ற மல்லர் அவன் கண்ணில் பட்டார்.

"சாத்தையா அண்ணே, இவனை எப்படிப் பிடிக்கணும், சீக்கிரம் சொல்லுங்க."

"முதல்ல கம்பைக் கீழ போடுங்க. பின்பக்கமா போய், அவரு கக்கத்துக்கு அடியில ரெண்டு கையையும் விட்டு நெஞ்சோட அணைச்சுக்குங்க. நெருக்காதீங்க, அவரு மூச்சு விடணும். இப்ப அவரோட சேர்ந்தே மெதுவா உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். ஐயாறப்பனின் திமிறல் அடங்கியது. வெள்ளாற்றூரின் காவல் சிங்கம் ஒரு தவில்காரரை மடியில் வைத்துக்கொண்டு வீதியில் உட்கார்ந்திருந்தது.

"தாலாட்டு நாளைக்குச் சொல்லித்தர்றேன்" என்றார் சாத்தையா.

அன்று முற்றத்தில் இடும்பராயன் தன் கையாலேயே தண்ணீர் மொண்டு ஊற்றி, பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஐயாறப்பனைக் குளிப்பாட்டினான். இருவரும் ஒரே கயிற்றில், சொட்டச் சொட்ட நனைந்து சபைக்கு வந்தார்கள். ஐயாறப்பனின் இரண்டு கைகளும் முழுசாக இருந்ததைப் பார்த்து மங்களம் அழுதுவிட்டாள். விசாரித்ததில், விளக்கை ஒடுக்கெடுக்கத் தட்டாரிடம் அனுப்பியவர் கோயில் மணியக்காரர்தான், அனுப்பியதை மறந்தும் போயிருக்கிறார் என்று தெரிந்தது. தேர்த் திருவிழாவில் ஐயாறப்பன் தவிலை வெளுத்து வாங்கினார்.

ஐயாறப்பன் விடுதலையான மறுநாளே சாத்தையாவின் கோதாவில் காவலர்கள் முண்டியடித்தார்கள். கல்வியின் மேல் அப்படியொரு ஆசை திடீரென்று பிறந்துவிட்டது. அதன்பிறகு முற்றத்தில் ஒருவரும் விழவில்லை.

அறுவடை முடிந்து ராஜா கொட்டடியைப் பார்க்க வந்தார். முற்றத்தில் பாசி முன்னைவிடப் பச்சையாக, அடர்த்தியாகப் படர்ந்திருந்தது. ராஜா வாய்விட்டுச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் திருமேனியிடம் நீட்டினார்.

திருமேனி வாங்கவில்லை.

"மகாராஜா, மாலையை இந்தப் பாசிக்குப் போடுங்கள். இத்தனை வருஷமும் செய்யாத குற்றத்தை வாய் திறக்காமல் சுமந்தது இதுதான்."