ஒச்சாயி தலையில ஒட்டுன குதிரை

ஆடு நெறைய, ஆளு கம்மியா ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல ஒரே வாசலுக்குள்ள ரெண்டு மருமகளுங்க இருந்தாங்களாம். மூத்தவ பேரு ஒச்சாயி, இளையவ பேரு பொம்மி. அண்ணன் தம்பியக் கட்டிக்கிட்ட ஓரகத்திங்க. ம் கொட்டுங்க எல்லாரும். ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும், அப்புறம் ஒச்சாயி உங்க வீட்டுக்குக் குடிவந்துருவா, சொல்லிட்டேன்.

ஒச்சாயி கம்பளி நெய்யிறதுல கெட்டிக்காரி. அதுல குத்தம் சொல்ல முடியாது. அந்த ஊருல ஒரு வழக்கம். திருவிழா அன்னைக்கு எல்லைச் சாமியோட மண்ணுக்குதிரை முதுகுல ஒரு கம்பளி விரிப்பு போடுவாங்க. எவ செஞ்ச விரிப்பப் போடுறாங்களோ, அவதான் மொதப் பொங்கப்பானையத் தலையில வச்சு ஊருக்கு முன்னால நடப்பா. வருசா வருசம் ஒச்சாயி விரிப்புதான், ஒச்சாயி பானைதான், ஒச்சாயி நடைதான். என்னா நடை! அவ நடக்குறதப் பாத்தா குதிரையே வெக்கப்பட்டு மண்ணாப் போச்சோன்னு தோணும்.

பொம்மி இருக்காளே, அவளுக்குத் தறி கெடையாது. ஆட்டு ரோமம் வெட்டுனா நல்ல முதுகு முடி பூரா ஒச்சாயி அள்ளிக்கிருவா. பொம்மிக்கு மிஞ்சுனது என்ன? வயித்து முடி, வாலு முடி, முள்ளு ஒட்டுன முடி. அவ அதையும் விடல. உக்காந்து முள்ளெடுத்து, அலசி, பஞ்சு மாதிரி பிச்சு, கோரைப்பாயில பரப்புவா. பரப்பிட்டு அதுமேல சுடுதண்ணிய ஊத்தி, பூந்திக்கொட்ட நுரையப் போட்டு, தேய்ப்பா, சுருட்டுவா, மிதிப்பா. மறுபடி தேய்ப்பா, சுருட்டுவா, மிதிப்பா. தேய்க்கத் தேய்க்க முடியும் முடியும் கையக் கோத்துக்கிரும். ஒரு தடவ கோத்துக்கிருச்சுன்னா ராசாவே படையோட வந்தாலும் பிரிக்க முடியாது. நூலு இல்ல, ஊசி இல்ல, தறி இல்ல, ஆனா துணி வந்துரும்! அதுல வெள்ள முடியில கொக்கு வப்பா, செவல முடியில நாய்க்குட்டி வப்பா. யாரு கேட்டா? ஒருத்தரும் கேக்கல. அவளுக்கு ஆசை, அவ செஞ்சா.

ஊரு சும்மா இருக்குமா? “ஏ பொம்மி, இந்தக் கொக்கு பறந்துருமாட்டம் இருக்கே!”ன்னு வந்து வந்து பாத்துச்சு. ஒச்சாயிக்கு வந்துச்சு பாருங்க பொறாமை. வயிறு எரிஞ்ச எரிச்சல்ல அடுப்பே இல்லாம கஞ்சி காய்ச்சிருக்கலாம். பொம்மி தும்முனா பொறாமை, பொம்மி தூங்குனா பொறாமை. பொம்மி கால்ல முள்ளு குத்தி அவ புருசன் எடுத்து விட்டான்னா, “எனக்கு ஏன்டா ஒரு முள்ளு குத்த மாட்டேங்குது?”ன்னு அதுக்கும் பொறாமை.

இப்படி இருக்கையில திருவிழாவுக்கு முந்துன நாளு வந்துச்சு. பொம்மி செவல முடிய அடியில போட்டு, அதுமேல வெள்ள முடியில ஒரு குதிரை வச்சு, விரிப்பு ஒண்ணு செஞ்சுக்கிட்டிருந்தா. அந்தப் பக்கமா வந்த நாட்டாமை பாத்தாரு. நின்னாரு. தொண்டையச் செருமுனாரு.

“இந்த வருசம் சாமிக்கு இதான் விரிப்பு. நாளைக்கு மொதப்பானை பொம்மி தூக்கட்டும்.”

“அப்ப நானு?”ன்னு கேட்டா ஒச்சாயி.

“நீ ரெண்டாவது பானை தூக்கு ஆத்தா, பானைக்கா பஞ்சம்?”ன்னுட்டுப் போயிட்டாரு.

ரெண்டாவது பானை! அந்தப் பொம்மி முதுகப் பாத்துக்கிட்டே கோயில் வரைக்கும் நடக்கணுமா? ஒச்சாயிக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. முடிவு பண்ணிட்டா. விரிப்பு இன்னும் முழுசா இறுகல, ஈரமும் நுரையுமா பாயில கெடக்கு. பொம்மிகிட்ட வேற ரோமமும் இல்ல. இது போச்சுன்னா, பழையபடி நம்ம கம்பளிதான், நம்ம பானைதான்!

பொம்மி விறகு பொறுக்கப் போன நேரம். ஒச்சாயி அன்னைக்குன்னு பாத்து சீயக்கா தேச்சுத் தலைக்குக் குளிச்சு, முடிய விரிச்சுப் போட்டிருந்தா. விரிப்ப எடுத்தா. கம்மாய்க்கு அந்தப் பக்கம் பாழுங்கெணறு ஒண்ணு இருக்கு, அதுல போட்டுறணும். ஆனா தெருவுல எப்படிக் கொண்டுபோறது? கையில வச்சா கண்டுருவாங்க, மடியில வச்சா ஈரம் தெரிஞ்சுரும். மூளையப் பாருங்க மூளைய: குதிரைப் படம் உள்ளாற போற மாதிரி விரிப்பக் கவுத்துத் தலையில போட்டு, அதுமேல முந்தானைய முக்காடு போட்டு, அதுமேல சும்மாடு வச்சு, அதுமேல கொதிக்கக் கொதிக்கச் சோளக்கஞ்சிப் பானைய ஏத்திக்கிட்டா. கேட்டா, பட்டியில இருக்குற புருசனுக்குக் கஞ்சி கொண்டுபோறாளாம்!

தெருமுனையில வெத்தலக்காரம்மா மறிச்சா.

“ஏ ஒச்சாயி, உன் ஓரகத்திக்கு மொதப்பானையாமே? கைகாரிடி அவ!”

“அவளா கைகாரி? இல்லவே இல்ல!”ன்னு ஒச்சாயி தலைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுனா. பானை ஆடுச்சு. கஞ்சித்தண்ணி சுடச்சுட வழிஞ்சு உச்சந்தலையில எறங்குச்சு. “ஸ்ஸ்”ன்னுட்டு நடந்தா.

கோயிலடியில பூசாரி மறிச்சாரு.

“ஏம்மா, பொம்மி குதிரை உசுரோட நிக்குதாமே?”

“யாரு சொன்னா? குதிரையா அது, கழுதை! இல்லவே இல்ல, இல்லவே இல்ல!” இன்னும் வேகமா ஆட்டுனா. கஞ்சி இன்னுங் கொஞ்சம் எறங்குச்சு. பானை தேய்க்குது, சூடு பிடிக்குது, நுரை ஊறுது. உள்ளாற என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுது, அவளுக்குத் தெரியல. பொறாமை புடிச்ச கண்ணுக்குத் தலைக்கு மேல நடக்குறதா தெரியும்?

கம்மாக்கரையில எதுக்க வந்தது யாரு? அவ புருசனே!

“ஏ புள்ள, நம்ம தம்பி பொண்டாட்டி கை இருக்கே, அது தங்கம். நீயும் அவகிட்ட ரெண்டு நாளு கத்துக்கயேன்.”

சொந்தப் புருசன்! கட்டுன புருசன்! கஞ்சி குடிக்க வந்த புருசன்! “இல்லவே இல்ல! இல்லவே இல்ல! இல்லவே இல்ல!”ன்னு பேய் புடிச்சவ மாதிரி ஆட்டுனா பாருங்க, பானை சுத்திச் சுத்தி அரைச்சு, கஞ்சி பூரா தலையில கவுந்து, மிச்சம் இருந்த பானைய அவன் கையில திணிச்சுட்டு ஓடியே போயிட்டா.

கெணத்தடிக்கு வந்து முக்காட எடுத்தா. விரிப்பப் புடிச்சு இழுத்தா, வரல. ரெண்டு கையாலயும் இழுத்தா, “ஆத்தாடி!”, வரல. குனிஞ்சு, காலை ஊனி இழுத்தா, கண்ணுல தண்ணிதான் வந்துச்சு, விரிப்பு வரல. அவ முடியும் ஆட்டு முடியும் கையக் கோத்துக்கிருச்சு. அவளே தேச்சது, அவளே சுடுதண்ணி ஊத்துனது, அவளே ஆட்டி ஆட்டி இறுக்குனது!

இனி யாருகிட்ட போறது? மறுபடி முக்காடப் போட்டுக்கிட்டு, கொல்லப்பக்கமா வந்து பொம்மி முன்னால உக்காந்தா. பொம்மி அழுதுக்கிட்டே பாயத் தூக்கித் தூக்கித் தேடிக்கிட்டிருக்கா.

“அடியே, அழாத. இந்தா இருக்கு.”

“எங்கக்கா?”

முக்காட எடுத்துக் காமிச்சா. பொம்மிக்கு அழுகை நின்னு போச்சு. சிரிப்பு வருது, கோவமும் வருது, ரெண்டுல எத மொத விடுறதுன்னு தெரியல.

“கத்தரிய எடுடி. இந்தச் சனியன வெட்டி எறி, எம்முடி தப்பட்டும்.”

“அக்கா, சனியன் விரிப்பு இல்ல, அதப் புடிச்சுக்கிட்டிருக்குற உன் முடிதான். விரிப்புல ஒரு நூலளவு வெட்ட மாட்டேன். இதுக்கு வேற ரோமம் இல்ல. உன் தலையில முடி தானா வரும், நாந்தான் வந்து நடணும்னு இல்ல.”

“ஊரு கேக்குமேடி!”

“சாமிக்கு மொட்டை போட்டேன்னு சொல்லு. நான் வாயத் தெறக்க மாட்டேன்.”

கத்தரி கரக்கரக்குன்னு ஓடுச்சு. விரிப்பு வந்துச்சு, கூடவே ஒச்சாயியோட கன்னங்கரேர்னு அடர்த்தியான முடி பூரா வந்துச்சு. பொம்மி கஞ்சிய அலசிட்டுத் திருப்பிப் பாத்தா. அதிசயத்தக் கேளுங்க. அந்தக் கருமுடி அத்தனையும் வெள்ளக்குதிரை கழுத்தோட ஒட்டிப் புடிச்சு, காத்துல ஆடுற பிடரியா நிக்குது!

மறுநாளு மண்ணுக்குதிரை முதுகுல விரிப்பப் போட்டாங்க. தலையில இறுகி வளைஞ்ச விரிப்பு, முதுகுக்குன்னே அளவெடுத்த மாதிரி பொருந்திக்கிருச்சு. ஊரே கூடிருச்சு. குதிரைய விட்டுட்டு எல்லாரும் பிடரியத்தான் பாக்குறாங்க.

“என்னா மினுமினுப்பு! பொம்மி, இது எந்த ஆட்டு முடி?”ன்னாரு நாட்டாமை.

பொம்மி சொன்ன வாக்க மீறல. “அது ஒரு முரட்டு ஆடு மாமா. சும்மா சும்மா முட்டும்.”

“அந்த ஆட்டுக்கு ஒரு கட்டு அகத்திக்கீர போடணும்!”ன்னா வெத்தலக்காரம்மா.

“ஆயுசுக்கும் வெட்டாம வளக்கணும்!”ன்னாரு பூசாரி.

“எல்லாம் பொம்மி கைராசி!”ன்னான் ஒச்சாயி புருசன்.

மொட்டத்தலையில முந்தானையோட, ரெண்டாவது பானையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா ஒச்சாயி. எல்லாரும், “சாமிக்கு முடி குடுத்த புண்ணியவதி”ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுத்தான் போறாங்க. வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா அப்படியே தப்பிச்சிருப்பா. ஆனா தன்னோட முடிக்குக் கெடைக்கிற பேரு பொம்மிக்குப் போகுதே! வயிறு எரிஞ்சு, தொண்ட எரிஞ்சு, நாக்கு எரிஞ்சு, போட்டா ஒரு கத்து:

“ஆடு இல்லய்யா! அது எம்முடி! எம்முடி!”

அடிச்சுக்கிட்டிருந்த கொட்டுமேளம் நின்னு போச்சு. நாட்டாமை மெதுவாத் திரும்புனாரு.

“சாமிக்குக் குடுத்த முடி குதிரை கழுத்துக்கு எப்படித்தா வந்துச்சு?”

அப்புறம் என்ன, வெத்தலக்காரம்மா, “நேத்து என்கிட்ட தலைய ஆட்டுனா”ன்னா, பூசாரி, “என்கிட்டயும் ஆட்டுனா”ன்னாரு, புருசன், “என் கஞ்சியவே கவுத்துட்டா”ன்னான். எல்லாம் வெளிய வந்துருச்சு. ஒச்சாயி வாயாலயே வந்துருச்சு. நாட்டாமை தீர்ப்பு சொல்லிட்டாரு: இனிமே முதுகு முடி பொம்மிக்கு, வயித்து முடியும் வாலு முடியும் ஒச்சாயிக்கு. முள்ளும் அவளே எடுத்துக்கணும். மொதப்பானை எப்பவும் போல வருசா வருசம் பாத்துச் சொல்லலாம், ஆனா ஒச்சாயி தலையில முடி மொளைக்கிற வரைக்கும் பானையே ஏறக்கூடாது.

ஒச்சாயி திருந்துனாளான்னு கேக்குறீங்க. எங்க திருந்துனா? அன்னைக்கு ராத்திரி புருசன்கிட்ட மொட்டயத் தடவிக்கிட்டே சொன்னாளாம்: “மண்ணுக்குதிரைக்கு வந்த வாழ்வப் பாத்தியா? எனக்கு இல்லாத முடி அதுக்கு!”

அடுத்தவங்கள நல்லா இருக்காங்கன்னு யாராச்சும் சொன்னா, ஆமான்னு தலைய மேலயும் கீழயும் ஆட்டிட்டுப் போங்க. குதிரை அங்க, பொம்மி அங்க, ஒச்சாயி மொட்ட அங்க. கதை இங்க முடிஞ்சு போச்சு, பாயச் சுருட்டிக்கிட்டுப் போயிப் படுங்க.